பட்டக் கணக்கும் தோப்புக் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகப் பொருளாதார முன்னேற்றத்தில் உயர்கல்வியின் பங்கு குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, சேர்க்கை விகிதத்தையே, அதாவது 18-23 வயதினரின் எண்ணிக்கைக்கு எத்தனை பேர் உயர்கல்வியில் சேர்ந்திருக்கிறார்கள் என்ற கணக்கையே, பெரிதும் நம்பி எழுதப்பட்டிருக்கிறது. 2021-22ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் நாட்டின் சேர்க்கை விகிதம் 28.4 விழுக்காடாக இருக்கையில் தமிழ்நாடு 47 விழுக்காட்டை எட்டியிருப்பது பெருமைக்குரியதே. ஆனால், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்பதைக் காட்டிலும், கல்லூரியில் விளைந்த அறிவு எந்தத் தொழிலுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்கா 1862இல் மாநிலங்களுக்கு நிலம் வழங்கி, வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்கு வழிசெய்ததோடு நின்றுவிடவில்லை. அங்கு கண்டறிந்ததை விவசாயியிடம் கொண்டுசேர்க்க 1914இல் தனிச் சட்டமே இயற்றியது. நம் நாட்டில் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு விழுக்காடுகூட இல்லை. தென்கொரியாவோ நான்கு விழுக்காட்டுக்கு மேல் செலவிடுகிறது.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தென்னையை நம்பி வாழும் எங்களுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. 2016இல் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் ஓலையின் சாற்றை உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈ தென்பட்டபோது, ஓலையின் அடிப்புறத்தில் வட்ட வட்டமாக முட்டை படிந்து, கீழ் ஓலைகள் கரும்பூசணம் பிடித்துக் கரி பூசியதுபோல் ஆயின. கண்டதும் மருந்தடிக்கத் தோன்றுவது இயல்பு. அப்படி அடித்தால், அந்த ஈயின் குஞ்சுகளைத் தின்று அழிக்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து செத்துவிடும் என்றும், குளவி பற்றிக் கறுத்துப்போன கூட்டுப்புழுக்கள் உள்ள ஓலைத் துண்டுகளை வெட்டிப் பிற மரங்களில் வைத்தாலே போதும் என்றும் ஆய்வாளர்கள் சொன்னார்கள். மருந்துச் செலவு மிச்சம், தோப்புக்கும் கேடில்லை. உயர்கல்வியால் கிடைத்த வருமானம் என்று நான் கருதுவது இதைத்தான். எந்தச் சேர்க்கை விகிதத்திலும் இது ஏறாது.

வெள்ளை ஈக்குச் செக்போஸ்ட் கிடையாது. ஆய்வில் கண்டதை விவசாயியிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணிக்கு மட்டும் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பரிந்துரைகளை எங்களால் படிக்க முடியும், ஆனால் தமிழ்நாட்டு அலுவலர்கள் எல்லை தாண்டி இந்தப் பக்கம் வருவதில்லை. இங்குள்ள கேரள அரசின் வேளாண் அலுவலகமான கிருஷி பவனின் அறிவிப்புகள் மலையாளத்தில் வருகின்றன. தமிழ்வழியில் படித்த முதியவர்கள் அவற்றைப் பிறரிடம் கேட்டே தெரிந்துகொள்கிறார்கள். பாலக்காட்டில் 2015 முதல் ஐஐடியும், சித்தூரில் பல தலைமுறைகளைப் படிக்கவைத்த அரசுக் கல்லூரியும் இருந்தும், நன்கு படித்த எங்கள் பிள்ளைகள் பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போகிறார்கள். போவதைக் குறை சொல்லவில்லை, அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் பல வீடுகள் நிமிர்ந்தன.

எனவே இரு மாநில அரசுகளும், இரு பக்கத்து வேளாண் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, தமிழிலும் மலையாளத்திலும் விவசாயிகளுக்குப் பதில் சொல்லும் கூட்டு விரிவாக்க மையம் ஒன்றைக் கொழிஞ்சாம்பாறையில் அமைக்க வேண்டும் என்றும், உயர்கல்வி பற்றி இனி எழுதும்போது இத்தகைய எல்லைப் பகுதிகளையும் தங்கள் இதழ் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.