யூடிஎம் டேக் குளறுபடியும் கமிஷன் இன்வாய்ஸும் குறித்த புகார்

அனுப்புநர்:
நிர்வாகப் பங்குதாரர்,
கிரிப்டோ வரிக் கணக்கீட்டுச் சேவை நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர்,
டிஜிட்டல் விளம்பர ஏஜென்சி,
சென்னை.

பொருள்: ரிட்டர்ன் தாக்கல் காலப் பிரசாரத்தில் இணைப்புகளுக்குத் தவறாக டேக் இட்டது, அதன் அடிப்படையில் கமிஷன் கோரியது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கிரிப்டோ வாங்கி விற்பவர்களின் பரிவர்த்தனைகளைத் தொகுத்து, 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 30 சதவீத வரியையும், அதே ஆண்டு ஜூலை முதல் பிடிக்கப்படும் 1 சதவீத டிடிஎஸ் தொகையையும் கணக்கிட்டுத் தருவது எங்கள் தொழில். எங்கள் ஆண்டு வியாபாரத்தின் பெரும்பகுதி, ஜூலை 31 என்ற வழக்கமான கெடுவுக்கு முந்தைய சில வாரங்களில்தான் நடக்கிறது. அந்த வாரங்களுக்கான பிரசாரத்தை உங்களிடம் ஒப்படைத்தபோது, டெலிகிராம் சேனல்கள், யூடியூப் விளக்கங்கள், எக்ஸ் பதிவுகள், மின்னஞ்சல் ஆகியவற்றில் எதற்குச் செலவிட்ட பணம் வாடிக்கையாளர் பதிவுகளாகத் திரும்பியது என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தோம். இணைப்புகளுக்கு யூடிஎம் டேக் (வருபவர் எங்கிருந்து, எந்தப் பிரசாரம் வழியாக வந்தார் என்பதைக் காட்ட இணைப்பின் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் சேர்க்கும் குறிப்பு) இடுவதற்கென ஒப்பந்தத்தில் தனிக் கட்டணம் குறிப்பிடப்பட்டிருந்தது. அதை முன்பணமாகவே செலுத்திவிட்டோம்.

நீங்கள் அனுப்பிய அறிக்கையில் டெலிகிராம் என்ற ஒரே இடம் மூன்று வரிகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஆங்கிலத்தில் முதல் எழுத்தைப் பெரியதாக இட்டு ஒன்று, முழுவதும் சிற்றெழுத்தில் ஒன்று, ‘டிஜி’ என்று சுருக்கி ஒன்று. தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிடிக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகவே எடுத்துக்கொள்ளும் என்பது இத்துறையில் புதிதாகச் சேர்ந்தவருக்கும் சொல்லித்தரப்படும் செய்தி. இந்த டேக்குகளை உருவாக்கிய அர்ச்சின் நிறுவனத்தை கூகுள் 2005இல் வாங்குவதற்கு முன்பிருந்தே இவை புழக்கத்தில் இருக்கின்றன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பெயர்களை முன்கூட்டியே முடிவுசெய்து ஒரு ஷீட்டில் எழுதி வைக்காமல், ஆளுக்கொரு விதமாகத் தட்டச்சு செய்திருப்பது வியப்பளிக்கிறது. யூடியூப் இணைப்புகளிலோ, எந்த வகை வழி என்பதைக் குறிக்கும் ‘மீடியம்’ என்ற இடத்தில் ‘இன்ஃப்ளூயன்சர்’ என்றும் ‘இன்ஃப்ளூ’ என்றும் மாறி மாறி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இட்ட டேக்குகள் அனலிடிக்ஸ் அறிந்த வகைகள் எதிலும் பொருந்தாததால், எங்கள் செலவின் மிகப் பெரிய பங்கு ‘அன்அசைன்ட்’ (வகைப்படுத்தப்படாதவை) என்ற தலைப்பின்கீழ் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதைவிடப் பெரிய இழப்பு உங்கள் ஷார்ட் லிங்க்கால் (நீண்ட முகவரிக்குப் பதிலாகத் தரும் சுருக்க இணைப்பால்) நேர்ந்தது. அதை க்ளிக் செய்தால், முதலில் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’ இல்லாத முகவரிக்கும் அங்கிருந்து முழு முகவரிக்கும் செல்கிறது. அந்த இரண்டாவது மாற்றத்தில் கேள்விக்குறிக்குப் பின்னுள்ள அனைத்தும் உதிர்ந்துவிடுகிறது. டெலிகிராம் செயலியிலிருந்து வருபவர் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் பெரும்பாலும் உடன் வருவதில்லை என்பதால், டேக் ஒன்றே எங்களுக்கு ஆதாரம். அதுவும் போனபின் வந்தவர்கள் எல்லாம், அனுப்புநர் பெயர் மழையில் அழிந்த தபால்களைப் போல, ‘டைரக்ட்’ என்ற கணக்கில் குவிந்திருக்கிறார்கள். தளத்துக்கு வந்த ஒவ்வொரு கோரிக்கையும் பதிவாகும் எங்கள் சர்வர் லாக்கில் டேக் இல்லாத முகவரிகளே வரிசையாக நிற்பதை உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்கு ஏற்கெனவே அனுப்பியிருக்கிறோம்.

முகப்புப் பக்கத்திலுள்ள ‘இலவசமாகக் கணக்கிடுங்கள்’ என்ற எங்கள் சொந்த பேனருக்கும் உங்கள் பணியாளர்கள் யூடிஎம் டேக் இட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து வருபவரை அடையாளம் காணும் டேக்கைத் தளத்துக்குள்ளேயே பயன்படுத்தினால், மின்னஞ்சல் வழியாக வந்து பதிவு செய்தவரின் கணக்கும் முழுமையாகவோ பகுதியாகவோ அந்த பேனருக்குப் போய்விடும். அறிக்கையில் ‘முகப்பு பேனர் சிறப்பாகச் செயல்படுகிறது’ என்று எழுதியிருப்பதன் பின்னணி இதுதான்.

இவை பணம் சார்ந்தவை. அடுத்தது எங்கள் வாடிக்கையாளர்களின் நம்பிக்கை சார்ந்தது. பழைய வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலில், ஒவ்வொருவரின் வாலட் முகவரியையும் (கிரிப்டோ கணக்கின் அடையாளத்தையும்) மின்னஞ்சல் முகவரியையும் ‘கன்டென்ட்’ டேக்கில் சேர்த்திருக்கிறீர்கள். டேக்கில் எழுதுவது பிரவுசரின் முகவரிப் பட்டையில் தெரியும், ஹிஸ்டரியில் தங்கும், அனலிடிக்ஸிலும் பதிவாகும். எத்தீரியம் வாலட் முகவரி கையிலிருந்தால் எவரும் ஈதர்ஸ்கேன் என்ற பொதுத் தளத்தில் அதன் இருப்பையும் பரிவர்த்தனைகளையும் பார்த்துவிடலாம். அது யாருடையது என்று தெரியாத வரைதான் உரியவருக்குப் பாதுகாப்பு. வாலட், மின்னஞ்சல் முகவரிகள் இரண்டையும் ஒரே வரியில் எழுதி அந்தப் பாதுகாப்பை நீக்கிவிட்டீர்கள். மின்னஞ்சல் முகவரி போன்ற தனிநபர் தகவல்களை அனலிடிக்ஸுக்கு அனுப்பக்கூடாது என்பது கூகுளின் விதி. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, செயலாக்கத்தைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் தரவுக்குப் பொறுப்பு எங்களுடையதே என்கிறது.

ஐபோனின் தனியுரிமை அமைப்பே டேக்குகளை நீக்கிவிடுகிறது என்று உங்கள் தரப்பில் பதில் வந்தது. 2023இல் வந்த ஐஓஎஸ் 17 நீக்குவது, மெயில், மெசேஜஸ், சஃபாரியின் பிரைவேட் உலாவல் ஆகியவற்றில் தனிநபரைப் பின்தொடரும் ‘ஜிசிஎல்ஐடி’, ‘எஃப்பிசிஎல்ஐடி’ போன்ற க்ளிக் அடையாளங்களை. யூடிஎம் டேக்குகளை அது தொடுவதில்லை. ஆண்ட்ராய்டு போன்களிலும் அதே இணைப்பில் டேக் உதிர்வதற்கு ஆப்பிளைக் காரணம் காட்ட முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும், ஷார்ட் லிங்க் க்ளிக் எண்ணிக்கையை வைத்து சேனல் உரிமையாளர்களுக்கான கமிஷனைக் கோரி இன்வாய்ஸ் அனுப்பியிருக்கிறீர்கள். ஒப்பந்தப்படி கமிஷன் வாடிக்கையாளர் பதிவுக்கு மட்டுமே, க்ளிக்குக்கு அல்ல. மேலும், முன்னோட்டம் காட்டுவதற்காக டெலிகிராம் தானாகவே இணைப்பைத் திறந்து பார்ப்பதும் வடிகட்டப்படாவிட்டால் க்ளிக்காக எண்ணப்படும்.

ஆகவே, அந்த இன்வாய்ஸைத் திரும்பப் பெற்று, டேக் இடுவதற்காகப் பெற்ற தனிக் கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தருமாறு கோருகிறோம். வாலட் முகவரிகள் கொண்ட இணைப்புகளை உடனே முடக்கி, உங்கள் ஷார்ட் லிங்க் கணக்கிலும் ஷீட்டுகளிலும் உள்ள நகல்களை அழித்ததற்கான எழுத்துப்பூர்வ உறுதியையும் தர வேண்டும். அழிப்பதற்குமுன், வாலட், மின்னஞ்சல் விவரங்களை நீக்கிய க்ளிக் பதிவுகளை நேரக் குறிப்புடன் எங்களுக்கு அனுப்பினால், சர்வர் லாக்கோடு ஒப்பிட்டு எந்தச் சேனலுக்கு எவ்வளவு கமிஷன் நியாயம் என்பதை ஓரளவாவது கணக்கிட முடியும். அனலிடிக்ஸில் ஒருமுறை தவறாக ஏறிய தரவைப் பின்னர் திருத்த வழியில்லை. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், ஒப்பந்தத்திலுள்ள சமரசத் தீர்வுப் பிரிவின்கீழ் நடவடிக்கை எடுப்போம்.

இப்படிக்கு,
நிர்வாகப் பங்குதாரர்

இணைப்பு: ஒப்பந்த நகல், இன்வாய்ஸ் நகல், வாடிக்கையாளர் விவரங்கள் மறைக்கப்பட்ட சர்வர் லாக் பகுதி.