மரத்தரையின் மேலடுக்கைக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘உட்டன் ஃப்ளோரிங்’ என்ற ஒரே பெயரில் கடைகளில் இருவேறு பொருள்கள் விற்கப்படுவதை, வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ மரத்தரை போட நினைக்கும் சென்னைவாசிகள் கவனிக்க வேண்டும். இன்ஜினியர்டு வுட் என்பது, மேலே தேக்கு, ஓக் போன்ற அசல் மரத்தின் மெல்லிய தகட்டையும், அதன் கீழே இழையோட்டம் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையும்படி ஒட்டிய ப்ளைவுட் அடுக்குகளையும் கொண்டது. ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் மரத்தின் இயல்பு இந்தக் குறுக்கடுக்கால்தான் மட்டுப்படுகிறது. லேமினேட்டில் தெரியும் மரவரியோ, மரநாரை அழுத்திச் செய்த எச்டிஎஃப் பலகையின் மேல் ஒட்டிய அச்சுக் காகிதம். அதற்காக அதை மட்டமான சரக்கு என்று தள்ளிவிட முடியாது. அதன் மேற்பூச்சில் உள்ள அலுமினியம் ஆக்சைடு, செருப்பில் ஒட்டிவரும் மணலின் உராய்வை அசல் மரத்தைவிட நன்றாகவே தாங்கும். வீட்டுக்குத் தேய்மானத் தரம் ஏசி3 போதும். ஆள் நடமாட்டம் மிகுந்த அலுவலகத்துக்கு ஏசி4க்குக் குறையக் கூடாது.

இன்ஜினியர்டு வுட்டின் ஆயுள் மேல்தகட்டின் கனத்தில் இருக்கிறது. அது 3 மி.மீ.க்கு மேல் இருந்தால், பல ஆண்டுகள் கழித்து இழைத்து மெருகேற்றிக்கொள்ளலாம், அரை மி.மீ. தகட்டில் உப்புத்தாள் போட்டால் அடியிலுள்ள ப்ளைவுட் பல்லிளித்துவிடும். இருந்தும், ‘கனம் 14 மி.மீ.’ என்று மொத்தக் கனத்தைச் சொல்லும் விற்பனையாளர்களில் பலர், கேட்டாலொழிய இதைச் சொல்வதில்லை.

பலகை எவ்வளவு நல்லதாயினும், தரைத்தள வீடுகளில் ஓதம் அதைக் கெடுத்துவிடும். சிமென்ட் தரையின் மேல் பாலிதீன் தாளை விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, ஓர் இரவு முழுக்க விட்டுப் பார்க்கலாம். காலையில் தாளின் அடியில் நீர் கோத்திருந்தால் வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது. சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி விட்டு, சுவரடியில் பொருத்தும் ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைக்க வேண்டும். வேலையாட்கள் சிலர், பார்க்க நேர்த்தியாக இருக்கட்டுமென்று பலகையைச் சுவரோடு நெருக்கி அடித்துவிடுகிறார்கள். மழைக்காலம் வந்ததும் உப்ப இடமின்றி நடுவில் கூடாரம்போல எழும்பிக்கொள்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பூஜை அறைக்கும் சமையலறைக்கும் டைல்ஸே சரி.

மேல்தகட்டின் கனம், நடுப்பலகையின் வகை, லேமினேட்டானால் தேய்மானத் தரம், பசையிலிருந்து வெளிப்படும் ஃபார்மால்டிஹைடு என்ற கெடுவாயு குறைவு என்பதற்கான இ1 சான்று ஆகியவற்றை விற்பனை ரசீதிலேயே எழுதித் தருவதை வணிகர்கள் வழக்கமாக்க வேண்டும். அதுவரை, எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கொடுப்பது வாங்குவோருக்குப் பாதுகாப்பு.

இப்படிக்கு,
கட்டட உள்வேலை ஒப்பந்ததாரர் ஒருவர்,
சென்னை.