ஓய்வுக்கால வில்லா இருக்கட்டும், பஸ் ஏறி எறங்க வழி பண்ணுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழமை இணைப்புல எல்லா வயசுக்காரங்களும் வாழறதுக்கு ஏத்த ஊருன்னு கட்டுரை போட்டிருந்தீங்க, ஆரம்பம் நல்லாத்தான் இருந்துச்சு, போகப் போக ரியல் எஸ்டேட் நோட்டீஸ் ஆயிடுச்சு. ஊருக்கு வெளிய பெரிய கேட்டு, உள்ள வாக்கிங் போக பாதை, நர்ஸு, யோகா ரூமு, அறுபது தாண்டினவங்களுக்கு மட்டும் வில்லா. அடுத்த பக்கத்துலயே அதுக்கு விளம்பரமும் இருந்துச்சு, அது தற்செயலாத்தான் இருக்கும். சரி, வசதி இருக்கறவங்க போகட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா நம்ம வேலூருல கொசப்பேட்டையிலயும் சைதாப்பேட்டையிலயும் தொரப்பாடியிலயும் இருக்கற சனம் இருக்கற வீட்டுலயே தான சார் கெழவன் கெழவி ஆகப்போகுது, அவங்களுக்கு இன்னா வழின்னு கட்டுரையில ஒரு வரி காணோம்.

நான் டவுன் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். பாதி சர்வீஸ் காட்பாடி - பாகாயம் ரூட்டுலயே போயிடுச்சு. அந்த ரூட்டுல ஏறாத வயசே கெடையாது. ரயில எறங்கி நேரா சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போற வங்காளத்துக்காரங்க, புத்தக மூட்டைய முதுகுல சுமந்துக்கினு வர்ற பசங்க, நேதாஜி மார்க்கெட்டுக்கு கீரைக்கட்டு எடுத்துக்கினு போற ஆயாங்க, எல்லாரும் ஒரே வண்டியில. அதனால ஊரு யாருக்கு வளைஞ்சு குடுக்குது, யாருக்குக் குடுக்கலன்னு படிக்கட்டு கிட்ட நின்னு பாத்தவன் நானு.

மொதல்ல அந்தப் படியவே எடுத்துக்கங்க. சாதாரண பஸ்ஸோட தரை ரோட்டுலேருந்து 900 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட மூணு அடி. தாழ்தள பஸ்னா 400. ஸ்டாப்புல ஆட்டோவும் பைக்கும் நிக்கறதால டிரைவர் ஓரத்துக்கு வர முடியாம நடு ரோட்டுல நிறுத்துவாரு, அப்ப ஏற நடைமேடை ஒசரமும் கெடைக்காது, தார் ரோட்டுலேருந்து நேரா தூக்கி வைக்கணும் கால. ஆயா மொதல்ல பையத் தூக்கி மேல் படியில வைக்கும், அப்புறம் கம்பியப் புடிக்கும், அப்புறம் நல்ல காலு எதுன்னு யோசிச்சு அத எடுத்து வைக்கும், அதுக்குள்ள பின்னாடி ஹாரன் அடிப்பான், டிரைவர் கண்ணாடியில என்னப் பாப்பாரு. "இரு நைனா, கால தூக்க வேணாமா"ன்னு ஆயா கேக்கறப்ப நான் விசில வாயிலேருந்து எடுத்துட்டு நிப்பேன். எறங்கறது இன்னும் மோசம். முட்டி வலி இருக்கறவங்க நேரா எறங்க மாட்டாங்க, வண்டியப் பாத்துத் திரும்பி நின்னு ஏணியில எறங்கற மாதிரி ஒவ்வொரு படியா பின்பக்கமா வைப்பாங்க. ஏழெட்டு வயசுப் பசங்களுக்கும் அந்தப் படி ஒசரம்தான், முட்டி போட்டு ஏறுவானுங்க, அத யாரும் கண்டுக்கறதில்ல.

2021 மே மாசத்துலேருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு இல்லன்னு ஆச்சு. பெரிய விஷயம் சார் அது, அதுவரைக்கும் பஸ் காசுக்கு மகன் கைய எதிர்பாத்தவங்க தானா கெளம்பி மக வீட்டுக்குப் போனாங்க, கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர பாக்கப் போனாங்க. டிக்கெட் மாறிடுச்சு, படி மாறல. சென்னையில 2024லேருந்து தாழ்தள பஸ் ஓடுது, ஸ்டாப்புல நின்னா ஒரு பக்கமா சாஞ்சு குடுக்கற வசதியோட. நம்மூருக்கும் வேணும்னு கேக்கலாம், ஆனா நம்ம ரோட்டுல இருக்கற மேடு பள்ளத்துக்கும் ஆளாளுக்குப் போட்ட ஸ்பீடு பிரேக்கருக்கும் அந்த வண்டி அடி தட்டி நிக்கும்னு எந்த டிரைவரக் கேட்டாலும் சொல்லுவாரு. அப்ப மொதல்ல ரோடு.

ரோடுன்னா இன்னா நடக்குது? பழசச் சுரண்டாம மேலயே போடறது, ரோடு ஏற ஏற வீடு பள்ளமாவுது, வீட்டுக்காரன் படியையும் சாய்தளத்தையும் ரோடு வரைக்கும் இழுத்து விடறான், மிச்சம் இருக்கற எடத்துல டிரான்ஸ்ஃபார்மர், கடை போர்டு, பைக். நடைபாதை குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாம இருக்கணும், ஒசரம் 150 மில்லிமீட்டர தாண்டக் கூடாதுன்னு, ரோடு போட அளவு சொல்ற அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட விதியிலயே இருக்கு. நம்மூருல அளவு டேப்பு எடுத்துக்கினு போனா எங்க நீட்டறதுன்னே தெரியாது. 2022ல நிறுத்தி வச்ச பைக்க கூட நகத்தாம அப்படியே வச்சு சிமெண்ட் ரோடு போட்ட ஊரு நம்மூரு, நாடே சிரிச்சுச்சு, அவ்ளோதான்.

கில் பெனலோசான்னு ஒருத்தரு, கொலம்பியாவுல பொகோட்டா நகரத்துல பார்க்குகளுக்குப் பொறுப்புல இருந்தவரு, அப்புறம் கனடா போயிட்டாரு. அவரு சொல்றது ரொம்ப சிம்பிள், எட்டு வயசுப் புள்ளைக்கும் எண்பது வயசுப் பெரியவருக்கும் ஒரு எடம் சரியா இருந்தா எல்லாருக்கும் சரியா இருக்கும். நம்மூர அந்தக் கணக்குல வச்சுப் பாருங்க. இருவத்தஞ்சு வயசு, ரெண்டு காலும் நல்லா இருக்கு, கையில ஒரு பைக்கு, அவனுக்குத்தான் இந்த ஊரு. அவனுக்கும் கண்ணு ஆபரேஷன் ஆயி ஒரு மாசம் வண்டி ஓட்டக் கூடாதுன்னா தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல ஐடா ஸ்கடர் ரோட்டுல போய் நில்லுங்க. நாட்டுல எங்கெங்கயோ இருந்து ஃபைல கையில புடிச்சுக்கினு வர்றவங்க, கட்டுப் போட்ட காலோட ரோட்டக் கடக்கறாங்க. சிக்னல் டைம் கணக்குப் போடறப்ப ஆளு செகண்டுக்கு 1.2 மீட்டர் நடப்பான்னு வச்சுக்கறது வழக்கம். 15 மீட்டர் ரோடுன்னா பன்னெண்டரை செகண்டு. வயசானவங்க 0.8தான் நடப்பாங்கன்னு வச்சுக்கங்க, பத்தொம்போது செகண்டு ஆவுது. மிச்ச ஆறு செகண்டு அவங்க நடு ரோட்டுல நிக்கறாங்க, பச்சை விழுந்து வண்டி கெளம்பிடுச்சு. ஆஸ்பத்திரி ஊருக்கு அந்த ஆறு செகண்டு கூட்டி வைக்க எத்தன கோடி ஆவும்?

அப்புறம் வெயிலு. வேலூர் வெயிலப் பத்தி உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, அக்னி நட்சத்திரத்துல பாலாத்துப் பாலத்துல நடந்தா நெழலுன்னு உங்க நெழலு மட்டும்தான். இந்த ஊருல ஸ்டாப்புல ஸ்டீல் சீட்டு போடறவங்க யாரோ தெரியல, மே மாசம் மதியானம் அதுல அவங்களையே உக்கார வைக்கணும். ஒரு வேப்ப மரம் இருந்த ஸ்டாப்புல எல்லாம் சனம் மரத்தடியில நிக்கும், ஷெல்டர்ல நாய் படுத்திருக்கும். கக்கூஸ் விஷயம் இன்னும் கொடுமை. சுகர் இருக்கற பெரியவங்க பஸ் ஏறற அன்னைக்கு காலையிலேருந்து தண்ணி குடிக்க மாட்டாங்க, வழியில எங்க போறதுன்னு பயம், அந்த வெயில்ல தண்ணி குடிக்காம மயங்கி விழுந்தவங்கள சீட்டுல படுக்க வச்சு கூட்டிக்கினு போயிருக்கோம்.

உலக சுகாதார நிறுவனம் 2007லயே வயசானவங்களுக்கு ஏத்த நகரம்னு ஒரு வழிகாட்டி போட்டுச்சு. 33 ஊருல பெரியவங்களையே உக்கார வச்சு கேட்டு எழுதினது, நம்ம நாட்டுலேருந்து டெல்லியும் உதய்ப்பூரும். அதுல அவங்க கேட்டதும் இதுதான், உக்கார எடம், கால் தட்டாத நடைபாதை, சுத்தமான கழிப்பறை, ஏற முடியற பஸ்ஸு. நம்மூரு 2016ல ஸ்மார்ட் சிட்டி லிஸ்ட்டுல வந்துச்சு, 2022ல புது பஸ் ஸ்டாண்டும் தெறந்தாங்க, நல்லாத்தான் இருக்கு. ஆனா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒருத்தர் எப்படி வந்து சேருவாருன்றதுதான் பாக்கி வேலை. பெரிய மனைப் பிரிவு போடறப்ப பூங்காவுக்குன்னு பத்து சதவீதம் விடணும்னு இருக்கறதயும் இதோட சேத்துப் பாக்கணும், எத்தன எடத்துல அது முள்ளுச்செடியா கெடக்குதுன்னு உங்க நிருபர் ஒரு ரவுண்டு போனாலே தனிக் கட்டுரை வரும்.

ஊரு முழுக்க ஒரே நாள்ல மாத்தச் சொல்லல. காட்பாடி - பாகாயம் ஒரே ஒரு ரூட்டு எடுத்து, ஒவ்வொரு ஸ்டாப்பா சரி பண்ணட்டும், வண்டி ஓரத்துல நிக்க எடம், ஏறி நிக்க மேடை, மரம், கழிப்பறை. 2022லேருந்து நவம்பர் 1ந்தேதி உள்ளாட்சி தினத்துல ஏரியா சபைன்னு கூட்டம் போடறாங்க, குப்பை, தண்ணி, லைட்டுன்னு பேசிட்டு டீ குடிச்சுட்டு எழுந்து போயிடறோம். இந்த வாட்டி எங்க ஏரியாவுலேருந்து நாங்க சில பேரு சேந்து பெஞ்சு கேட்டு மனு எழுதி வச்சிருக்கோம். சிமெண்ட் பெஞ்சு, முதுகு சாய எடம், ரெண்டு பக்கமும் கைப்பிடி. கைப்பிடி எதுக்கு, செலவு ஜாஸ்தி ஆவுமேன்னு ஒருத்தரு கேட்டாரு. கைப்பிடி இல்லன்னா உக்காந்த ஆயா பஸ் வர்றப்ப எழுந்துக்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துனர்,
சத்துவாச்சாரி, வேலூர்.