கட்டிலோரத்தில் புரூஃப் வேலை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மாவின் கட்டிலை இன்னும் பிரித்து வைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ஒன்பது வருடமாக விடிகாலை எழுந்ததும் அந்தக் கட்டிலுக்குத்தான் போயிருக்கிறாய். இப்போது எழுந்தால் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறேன் என்கிறாயே, அதைப் படித்து அழுதுவிட்டேன்.

"யாருக்காவது ஏதாவது செய்தால் தேவலை, வழி சொல்" என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். அதற்கு முன் எங்கள் வீட்டுக் கதையைக் கேள்.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. பேச்சு திரும்பிவிட்டது, ஆனால் மெதுவாகத்தான் வருகிறது. வலது கை இன்னும் வழங்கவில்லை. போன வருடம் எனக்கும் உன்னைப் போல ஒரு தவிப்பு. ஓரிடத்தில் போய்க் கேட்டேன். வாரத்தில் மூன்று நாள் காலை முழுக்க வர முடிந்தால் வாருங்கள் என்றார்கள். அவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் தனியே விட முடியாதே! நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவளுக்கும் கொடுக்க ஏதோ இருக்கும் என்று யாருக்கும் தோன்றாதா என்று வருத்தத்தோடு திரும்பி வந்தேன்.

அப்புறம்தான் அக்கா மகன் விக்கிமூலம் என்கிற இணைய நூலகத்தைக் காட்டிக்கொடுத்தான். நாட்டுடைமையான பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து அதில் ஏற்றியிருக்கிறார்கள். கணினி அந்தப் படங்களைப் பார்த்துத் தானாகவே எழுத்தாக மாற்றிவிடும். ஆனால் அதில் ஏகப்பட்ட பிழை. மனிதர் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்த வேண்டும். திரையில் ஒரு பக்கம் எழுத்து, பக்கத்திலேயே புத்தகத்தின் படம். திருத்தாத பக்கம் சிவப்பில் இருக்கும். ஒருவர் திருத்தினால் மஞ்சளாகும். இன்னொருவர் மறுபடி பார்த்துச் சரி என்றால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது.

அச்சகத்தில் அத்தனை வருடம் புரூஃப் பார்த்தவர் அல்லவா, இதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "சரிதான். முதல் புரூஃப் பார்த்த கண்ணுக்குத் தன் பிழை தெரியாது" என்றார். நோய் வந்தபின் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

இப்போது தினமும் மாலை காபி குடித்ததும் மடிக்கணினியைக் கட்டிலோரம் வைத்துக்கொள்கிறேன். நான் வாசிப்பேன், அவர் படத்தைப் பார்த்துக்கொண்டே வருவார். பிழை வந்தால் இடது கை விரலால் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு. கணினிக்குத் துணைக்காலும் ர-வும் ஒன்றாகத் தெரிகிறது போலிருக்கிறது. 'காலம்' என்பது 'கரலம்' என்று வந்து நிற்கும். நான் அவசரத்தில் 'காலம்' என்றே வாசித்துவிடுவேன். அவர் விடமாட்டார்.

1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான புத்தகங்களில்தான் இன்னும் சிரமம். ணா, றா, னா எல்லாம் துணைக்கால் இல்லாமல் சுழித்திருக்கும். ணை, லை, ளை, னை நான்கிலும் தும்பிக்கை போல மேலே ஒரு கொம்பு. நாம் படித்த எழுத்து அது. அக்கா மகன் அந்தப் பக்கங்களில் திணறுகிறான். இவர் ஈய எழுத்தில் கோத்த பக்கங்களைப் பார்த்தே வேலை கற்றவர், படுத்துக்கொண்டே சொல்லிவிடுகிறார். அவரிடம் உதவி கேட்கவும் இன்னும் ஆள் இருக்கிறது, வசந்தா! மருந்து சாப்பிடுங்கள், கையை நீட்டுங்கள் என்றே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த நான், அந்த முக்கால் மணி நேரம் அவரிடம் சந்தேகம் கேட்கிறேன். சில நாள் இரண்டு பக்கம் முடியும். அவருக்கு முடியாத நாளில் ஒன்றும் இல்லை. யாரும் கணக்குக் கேட்பதில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். மகளோடு கோழிக்கோட்டுக்குப் போகப்போவதாக எழுதியிருக்கிறாய். அந்த ஊரில்தான் 1993-இல் மருத்துவக் கல்லூரியை ஒட்டி வலி தணிப்புச் சங்கம் தொடங்கியது. டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் போன்றவர்கள் ஆரம்பித்தது. பிறகு அந்த வேலையை மருத்துவர்களும் நர்சுகளும் மட்டும் செய்தால் போதாது என்று அக்கம்பக்கத்து மனிதர்களையே பழக்கினார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தாலே பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டுக்கு நர்சோடு போவது, பேசிக்கொண்டிருப்பது, அரிசியோ மருந்தோ இல்லையென்றால் ஏற்பாடு செய்வது, இதுதான் வேலை. அலுங்காமல் புரட்டிப் படுக்கவைக்க, முதுகில் புண் வராமல் காக்க உனக்குத் தெரியும். எட்டு மணிக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு, தான் சாப்பிட மறந்து நிற்கிற மகளையும் பார்த்ததுமே அடையாளம் தெரியும்.

ஆனால் உடனே போகாதே. வருஷத் திதி கழியட்டும். யார் வீட்டுக் கட்டிலைப் பார்த்தாலும் உனக்கு அம்மாதான் தெரிவாள், அது அவர்களுக்கும் பாரம். இப்போதைக்கு அந்தக் காற்று மெத்தையையும் சக்கர நாற்காலியையும் மட்டும் அப்படி ஒரு அமைப்புக்குக் கொடு. எங்கோ ஒருவருக்கு இன்று இரவே தேவைப்படும்.

பார்வையற்ற மாணவர்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுப்பதையும் கேட்டிருந்தாய். நல்ல காரியம். மூன்று மணித் தேர்வுக்கு அவர்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு, அதனால் நான்கு மணி நேரம் உட்காரத் தயாராக இரு. சில தேர்வுகளில் எழுதுகிறவரின் படிப்பு மாணவரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று விதி. எம்.ஏ. படித்த உன்னை எடுப்பார்களா என்று முன்னாலேயே விசாரித்துக்கொள். இல்லாவிட்டால் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து கொடு. வகுப்பில் கடைசி பெஞ்சு வரை கேட்ட குரல் அல்லவா உன்னுடையது.

இன்னொன்று. நாங்கள் ஒரு பழைய கட்டுரைத் தொகுப்பை முடித்துவிட்டோம். 146 பக்கமும் மஞ்சளாக நிற்கிறது. பச்சையாக்க வேறு ஒருவர் வேண்டும். கணக்கு தொடங்குவது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லித்தருகிறேன். நீ பார்ப்பாய் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "வசந்தா டீச்சரா? அப்படியென்றால் நான் இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன்" என்று முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறார்.

அன்புடன்,
கோமதி
நாகர்கோவில்