ஒரு பாட்டம் மழையா, நாள் முழுக்க மழையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற சனிக்கிழமை இதழின் வெளிநாட்டுப் பக்கத்தில், இங்கிலாந்தின் வடபகுதிக்கு வார இறுதி வானிலை எப்படி இருக்கும் என்று அரைப் பத்திக்கு ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். வசந்தம் பிறந்தும் குளிர் விடவில்லை, வடமேற்கிலிருந்து காற்று பலமாக வீசும், விட்டு விட்டு லேசான மழை வரும், பென்னைன் மலைக்கு மேற்கே அதிகம், கிழக்கே குறைவு, ஞாயிறு மதியத்துக்கு மேல் கொஞ்சம் தெளியும் என்றது அந்தச் செய்தி. என் தங்கை மகள் லீட்ஸ் நகரில் படிக்கிறாள். அதனால் ஓர் எழுத்து விடாமல் படித்தேன். படித்த கையோடு, நம்ம பினாங்குக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று தேடினேன். கடைசிப் பக்கத்து மூலையில் ஒரே ஒரு வரி: ‘பினாங்கு: மாலையில் இடியுடன் மழை’.

சிரிப்புத்தான் வந்தது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் லீட்ஸில் ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வெயில் எட்டிப் பார்க்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பினாங்கின் பெருநிலத்தில், அதாவது தீவுக்கு எதிர்க்கரையில், பிறை ஊரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, பக்கத்துப் பட்டர்வொர்த்தில் என்ன நடக்கும் என்று தெரியவில்லை.

நான் கல்யாணம் காட்சிக்குக் கூடாரம், மேசை, நாற்காலி வாடகைக்கு விடுகிறவன். வார இறுதிதான் எனக்குப் பிழைப்பு. வானம் பார்க்காமல் லோரியில் சாமான் ஏற்ற மாட்டேன். ஆனால் போன வருடம் சித்திரையில் ஒருமுறை, வானத்தைப் பார்ப்பதற்குப் பதிலாகப் பத்திரிகையைப் பார்த்துவிட்டேன். (உங்கள் பத்திரிகை இல்லை, பயப்படாதீர்கள்.) பெருநிலத்தில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) காதணி விழா. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு விருந்தினர் வருகிறார்கள். ‘மாலையில் இடியுடன் மழை’ என்று போட்டிருந்ததால், மாலைக்குள் எல்லாவற்றையும் பிரித்துவிடலாம் என்று சனி இரவே தெருவில் நான்கு கூடாரங்களைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டேன். தார் ரோட்டில் முளை அடிக்க முடியாது. காலுக்கு ஒரு மணல் மூட்டை மட்டும் கட்டியிருந்தோம்.

காலை ஆறரைக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தால் இரண்டு கூடாரங்கள் மல்லாந்து கிடக்கின்றன. ஒன்றின் கால் பக்கத்து வீட்டு மைவி காரின் கூரையில் பள்ளம் போட்டிருந்தது. மழை அப்போதே ஓய்ந்துவிட்டது. வெறும் முக்கால் மணி நேரம்தான் என்றார்கள். சமையல்காரர் மட்டும் அசையாமல் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மைவிக்கு நான்தான் பணம் கட்டினேன்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்று இது. இரவில் சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் எழும் இடி மேகங்கள் வரிசை கட்டிக்கொண்டு, தென்மேற்குக் காற்றோடு நம் மேற்குக் கரைக்கு வந்து சேரும். விடிவதற்கு முன்போ காலையிலோ அடிக்கும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை போகும். ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். மேற்கே கடல் முடியும் இடத்தில் மையால் கோடு இழுத்த மாதிரி ஒரு கருப்பு. பிறகு திடீரென்று ஜில்லென்று ஒரு காற்று. கூடாரத் துணி பட்பட்டென்று அடிக்கத் தொடங்கினால், நமக்கு இருப்பது பத்து நிமிடம். சுற்றுத் துணியை முதலில் அவிழ்த்துவிட வேண்டும். காற்று உள்ளே புகுந்து வெளியேற வழி இருந்தால் கூடாரம் நிற்கும். வழியில்லாவிட்டால் குடை மாதிரி மேலே கிளம்பிவிடும்.

மாலை இடி மழை வேறு சங்கதி. மார்ச் கடைசியிலிருந்து மே வரை பருவக்காற்று மாறும் காலத்தில், காலையெல்லாம் வெயில் தரையைக் காய்ச்சும். சூடான காற்று மேலெழுந்து, கடற்காற்றோடு சேர்ந்து மதியத்துக்கு மேல் மேகமாகத் திரளும். அப்புறம் இடி, மின்னல், கொட்டு. இரண்டும் மழைதான். ஆனால் வருகிற நேரமும் வேறு, வருகிற திசையும் வேறு. ‘மாலையில் இடியுடன் மழை’ என்ற ஒற்றை வரியில் காலைக்கு இடமே இல்லை.

அந்த விழாவுக்குப் பிறகுதான் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா (myCuaca) செயலியைப் போனில் இறக்கிக்கொண்டேன். அதில் காலை, மாலை, இரவு என்று மூன்றாகப் பிரித்துப் போடுகிறார்கள். அதோடு மலாயில் ‘சத்து டுவா தெம்பாட்’, ‘பெபராப்பா தெம்பாட்’ என்று எத்தனை இடங்களில் பெய்யும் என்பதும் இருக்கிறது. அதாவது ஓரிரு இடங்களில், ஒரு சில இடங்களில். நம் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு வரும்போது இந்தச் சொற்கள்தான் முதலில் காணாமல் போகின்றன. இடம் போதவில்லை என்று வெட்டுகிறீர்கள் போலிருக்கிறது. ஐயா, என் தொழிலுக்கு அந்த ‘ஓரிரு இடங்களில்’ என்பதுதான் செய்தி. அது இருந்தால் காலுக்குக் கனமாகத் தண்ணீர் டிரம்மைக் கட்டி வைத்துவிட்டுக் கூடாரம் போடுவேன். ‘பெரும்பாலான இடங்களில்’ என்றிருந்தால் வாடிக்கையாளரிடம் மண்டபம் பார்க்கச் சொல்லிவிடுவேன்.

இங்கிலாந்துக்காரர்கள் விட்டு விட்டு வரும் மழைக்கு ஒரு சொல், நின்று பெய்யும் மழைக்கு வேறொரு சொல் வைத்திருக்கிறார்கள். அங்கே வசந்த காலத்தில் வெயில் தரையைச் சூடாக்குகிறது, மேலே வடக்கிலிருந்து வந்த காற்று இன்னும் குளிராகவே இருக்கிறது. அதனால் பகலில் மேகம் திரண்டு பெய்து, பொழுது சாய்ந்தால் அடங்குகிறது. யோசித்துப் பார்த்தால் நம் மாலை மழைக்குச் சொந்தக்காரன்தான். அங்கே மேகம் குட்டை, இங்கே நெட்டை. இந்த விட்டு விட்டு வரும் மழையை நீங்கள் ‘லேசான மழை’ என்று போட்டுவிட்டீர்கள். லேசாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஐந்து நிமிடம் ஆலங்கட்டியோடு அடித்துவிட்டு வெயில் வந்துவிடும் என்கிறாள் லீட்ஸில் இருக்கும் பிள்ளை. இதற்கு நம்மிடம் சொல் இல்லையா? ‘ஒரு பாட்டம் மழை’ என்று என் அம்மா நாள்தோறும் சொல்லுவார். தூறல் இருக்கிறது, சாரல் இருக்கிறது, தூவானம் இருக்கிறது, அடைமழை இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ‘மழை’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு பத்திரிகை நடத்துகிறோம்.

அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அவளுக்கு வாட்ஸ்அப்பில், “குடை எடுத்துக்கொண்டு போம்மா” என்று சொன்னேன். “மாமா, நம்ம பக்கம் மழை கம்மி. மலைக்கு அந்தப் பக்கம் மான்செஸ்டர்லதான் எல்லாம் கொட்டும். இங்க காத்துதான் ஆளைத் தள்ளுது, குடை எல்லாம் நிக்காது” என்றாள். நடுவில் இருக்கும் பென்னைன் மலை மேற்கிலிருந்து வரும் ஈரத்தைத் தடுத்து மான்செஸ்டர் பக்கமே இறக்கிவிடுகிறதாம். நமக்கும் அப்படி ஒரு மலை இருக்கிறதே! பினாங்குக் கொடிமலை தீவின் நடுவில் 800 மீட்டருக்கு மேல் நிற்கிறது. மலைக்கு மேற்கே பாலிக் புலாவில் மழை வெளுத்து வாங்கும்போது கிழக்கே ஜோர்ஜ்டவுனில் துணி காய்ந்துகொண்டிருக்கும். அதே நேரம் தீவைப் பிரிக்கும் நீரிணைக்கு இந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் வேறு கதை நடக்கும். தீவையும் பெருநிலத்தையும் ஒரே வரியில் அடைப்பது, லீட்ஸுக்கும் மான்செஸ்டருக்கும் சேர்த்து ஒரே குடை பிடிக்கிற மாதிரி.

இன்னொன்று, எண்கள். இடி மழை எச்சரிக்கை விடுத்தார்கள் என்று அடிக்கடி போடுகிறீர்கள். மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் இடி மழை இதோ வரப்போகிறது, அல்லது ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாக நீடிக்கும் என்று தெரிந்தால் அந்த எச்சரிக்கை வரும். அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குத்தான் அது செல்லும். காலையில் விட்ட எச்சரிக்கையை மறுநாள் இதழில் படித்து யாருக்கு என்ன லாபம்? ஆனால் 20 மில்லிமீட்டர் என்றால் என்ன என்று ஒருமுறை எழுதலாம். என் கூடாரம் 20 அடிக்கு 20 அடி. அதன் மேல் 20 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 740 லிட்டர் தண்ணீர். துணி தொய்ந்து ஒரு மூலையில் அதில் கால்வாசி தேங்கினாலும், பந்தியில் உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேல் இரண்டு ஆள் கனத்துக்கும் மேலே தொங்குகிறது. அதனால்தான் தேங்கும் தண்ணீரைத் தள்ளிவிட என் பையன்கள் துடைப்பக் கட்டையும் கையுமாக நிற்கிறார்கள். விருந்தினர் அதை வேடிக்கை பார்ப்பார்கள்.

2017 நவம்பர் 4, 5 தேதிகளை பினாங்குக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் சனி, ஞாயிறுதான். மரங்கள் வேரோடு சாய்ந்தன, தீவிலும் பெருநிலத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம். அப்படிப்பட்ட நாளை எந்தப் பத்திரிகையும் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட முடியாது. நான் அதைக் கேட்கவும் இல்லை.

நான் கேட்பது, லீட்ஸுக்குக் கொடுத்த அந்த அரைப் பத்தி. வெள்ளிக்கிழமை இதழில், தீவுக்குத் தனி, பெருநிலத்துக்குத் தனி. காலை எப்படி, மாலை எப்படி. காற்று எங்கிருந்து, கடலுக்குப் போகிறவர்கள் பார்த்துப் போக வேண்டுமா. ஓரிரு இடமா, பல இடமா. துறை கொடுப்பதைத் தமிழில் சரியாகப் பெயர்த்தாலே போதும், புதிதாக யாரும் கணிக்க வேண்டாம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கடை போடுகிற அக்காவிலிருந்து கொடிமலை ரயிலில் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர் வரை படிப்பார்கள். இடம் வேண்டுமென்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளுங்கள். என் ராசியையே எடுத்துக்கொள்ளலாம்.

வரும் சனிக்கிழமை பாகான் ஆஜாமில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு கூடாரம் போடுகிறேன், கடலுக்கு நேர் எதிரே. வெள்ளிக்கிழமை உங்கள் இதழைப் பார்ப்பேன். டிரம்மில் தண்ணீரை மட்டும் வியாழக்கிழமையே பிடித்து வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
கூடாரக்காரர்,
பிறை, பினாங்கு