கடற்பாசி ஏன் உறையவில்லை

பரங்கிப்பேட்டை

அன்பு மகளுக்கு,
அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்பு திறக்கச் செய்த கடற்பாசி இனிப்பு உறையாமல் கஞ்சி மாதிரியே நின்றுவிட்டது என்று உம்மாவிடம் சொன்னாயாம். எலுமிச்சையையும் பிழிந்து சேர்த்தே கொதிக்கவிட்டாயே, கோளாறு அங்கேதான். புளிப்போடு கொதித்தால் பாசியின் பசை அறுந்துபோகும். பிறகு விடிய விடிய ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இறுகாது.

10 கிராம் பாசி இழையைக் கழுவி, அரை லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவை. அந்தத் தண்ணீரோடே அடுப்பில் ஏற்றிக் கிண்டு. சூடு 85 டிகிரியைத் தாண்டினால்தான் முழுசாகக் கரையும். கரண்டியைத் தூக்கிப் பார். வழிவதில் கண்ணாடி நூல்போல எதுவும் தெரியக்கூடாது. சர்க்கரை அதன் பிறகுதான், முந்திப் போட்டால் பாசி கரையச் சுணங்கும். கால் லிட்டர் பாலைத் தனியே சுடவைத்து ஊற்று. 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே உறைய ஆரம்பிக்கிற சாமான் இது; ஃப்ரிட்ஜ் பால் பட்டால் திட்டுத் திட்டாகத் திரண்டுவிடும். எலுமிச்சை கட்டாயம் வேண்டுமென்றால் பால் சேர்க்காமல் செய்து, அடுப்பை அணைத்துக் கொதி அடங்கியபின் பிழி.

உறைந்தபின் நம்மூர் சித்திரை வெயிலிலும் உருகாது. இதேபோல உறையவைக்கிற ஜெலட்டின் அப்படியில்லை. அதுவும் மாடு, பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது, பாக்கெட்டைப் படித்து வாங்கு. 'அகர் அகர்' என்று போட்டிருந்தால் நம் பாசிதான். 1880களில் ஜெர்மனியில் கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் கிருமி வளர்க்க வைத்த ஜெலட்டின் சூட்டில் இளகித் தொல்லை கொடுத்தபோது, அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னவர் அங்கே வேலை பார்த்தவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. அடுக்களையில் கற்ற வித்தை! ரத்தம், சளி சோதிக்கிற லேப்களில் இன்றும் அதுதான்.

இது நம் கடலில் விளையுமா என்று பேரன் கேட்டானாம். பாசிக்கு நிலத்துச் செடிபோல வேர் கிடையாது, பற்றிக்கொள்ளப் பாறை வேண்டும். நம் கரை வெறும் மணல். அகர் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் விளைபவை. பெண்கள் மூழ்கிப் பறிக்கிறார்கள். அடிப்பிடியோடு பிடுங்கினால் அந்த இடத்தில் மறுபடி துளிர்ப்பது கஷ்டம், மேலே மட்டும் கிள்ள வேண்டும். மீன்குஞ்சுகள் பதுங்கி வளர்வது அந்தப் புதரில்தானே. அலை அடிக்க அடிக்க ஒடியாமல் அது வளைந்து கொடுப்பதும் செல் சுவரில் இருக்கிற இதே அகரால்தான்.

அங்கே இழை கிடைக்காமல் தூளாக வாங்கினால் 10 கிராம் போட்டுவிடாதே, ரப்பர் ஆகிவிடும். 6 கிராம் போதும்.

துஆவுடன்,
வாப்பா