வாழைக்காய்ச் சோறும் வீணாப்போற பூவும்

மாப்ள,

ரெண்டு வரி மெசேஜ் போட்டா உனக்குப் பத்தாது, அதான் நீளமா அடிக்கிறேன். உகாண்டா தலைநகர் கம்பாலால இருந்து மசாக்கா பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்துருக்கேன், கூட வேலை பாக்குற பையனோட ஊரு. வர்ற வழில கயாப்வேங்குற இடத்துல பூமத்திய ரேகையத் தாண்டணும், எல்லாரும் எறங்கி போட்டோ எடுக்குறாங்க, நானும்தான். வீட்டுக்குள்ள நொழஞ்சா அவங்கம்மா முட்டி போட்டு வணக்கம் சொல்லுது, பதறிட்டேன், பொம்பளைங்க வழக்கமே இங்க அப்படித்தானாம்.

வீட்டச் சுத்தி வாழை. பழத்துக்கு இல்லடா, சோத்துக்கு. பச்சக்காய சீவி எலைல பொட்டலம் கட்டி, பானை அடில எலைக்காம்ப அடுக்கி தண்ணி ஊத்தி வெறகடுப்புல ஆவில வேக வச்சு, வெந்ததும் எலையோடவே அமுக்கிப் பிசைஞ்சு திரும்ப அடுப்புல ஏத்திருவாங்க. மட்டோக்கே. மஞ்சளா களி மாதிரி வருது. மேல நெலக்கடலைய இடிச்சுக் காய்ச்சுன கொழம்பு. புளி இல்ல மொளகா இல்ல, உப்பு மட்டும். மொத நாள் ஊறுகாயத் தேடுனேன், இப்ப அந்தக் கொழம்புக்காகவே ரெண்டாந்தரம் கேக்குறேன். அரிசியும் ஆக்குறாங்க, ஆனா மட்டோக்கே இல்லாட்டி அந்தம்மாவுக்குச் சாப்பிட்ட மாதிரியே இல்லையாம்.

இது உனக்குன்னே விசாரிச்சது. நம்ம பக்கம் ஒரு தாரு, மிஞ்சிப்போனா ஒரு மறுதாம்பு, அப்புறம் தோண்டிட்டு புதுக்கன்னு வைப்போம்ல, இங்க அந்தம்மாவோட மாமியா வச்ச தோப்பு இன்னும் பக்கக்கன்னுலயே ஓடுது. காஞ்ச சருகெல்லாம் அடியிலயே மூடாக்கு, ஊடால காப்பிச்செடி. பூவ மட்டும் கத்தி படாம கவட்டைக் கம்பால ஒடிச்சுர்றாங்க. 2001ல உகாண்டாவுக்குள்ள ஒரு பாக்டீரியா வாடல் நோய் வந்து ஏகப்பட்ட தோப்பு போச்சு, பூவுக்கு வர்ற பூச்சியும் வெட்டுற கத்தியும்தான் அதப் பரப்புதாம். சரி, ஆனா ஒடிச்ச அத்தன பூவும் மண்ணுலடா! எங்கம்மா பாத்தா அழுதுரும். நாங்க இத ஆஞ்சு வடை சுடுவோம்னேன், குடும்பமே விழுந்து சிரிக்குது. நவம்பர்ல தகரத்தச் சாய்ச்சு வச்சு லைட்டப் போட்டு வெட்டுக்கிளி புடிச்சு வறுத்துத் திங்கிற ஊரு, வாழைப்பூவுக்குச் சிரிக்குறாய்ங்க.

ரோட்டுக்கடைல சப்பாத்திக்குள்ள ஆம்லெட் வச்சுச் சுருட்டித் தர்றாங்க, ரோலெக்ஸாம் பேரு. காலைல அதான்.

பொங்கலுக்கு வந்தா உன் தோப்பு மொந்தன்ல மட்டோக்கே செஞ்சு பாப்போம், நல்ல கடலையா வாங்கி வை. காத்துல சாஞ்ச வாழைக்கு ஏதாவது பணம் வந்துச்சா, தங்கச்சிக்கு எடம் முடிஞ்சுச்சா, ரெண்டையும் எழுது.